லேசர் வந்த பின்னும் கண்தானம் எதற்கு?

சென்ற ஆண்டு ஐப்பசி அடைமழையில் ஒரு நாள், விடியற்காலை நான்கு மணியளவில், எங்கள் பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர் இறைவனில் துயில்கொண்டார். முந்தின இரவுதான் அவருக்கு நோயில்பூசுதல் அளித்துத் திரும்பியிருந்தேன். காலைத் திருப்பலியை முடித்துக்கொண்டு அவருடைய இல்லம் சென்றபோது, மகன் என்னைத் தனியே அழைத்தார். "அப்பா தம் கண்களைத் தானமாகக் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார், சாமி. அக்கா வந்ததும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கண் வங்கிக்குச் சொல்லலாம் என்றிருக்கிறேன்" என்றார். நல்லது என்றேன்.

வெளியூரில் வாழும் மூத்த மகள் வந்து சேர்ந்தபோது மணி எட்டரை. அழுகை சற்று அடங்கிய பின் தம்பி செய்தியை எடுத்தார். அந்த அம்மாள் தம்பியிடம் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்துக் கேட்டார்: "இப்போதுதான் லேசர் வந்துவிட்டதே, சாமி! எங்கள் ஊரில் பெரிய விளம்பரப் பலகையே வைத்திருக்கிறார்கள். பத்து நிமிடத்தில் லேசரால் கண்ணைச் சரிசெய்து அனுப்பிவிடுகிறார்களாம். பிறகு எதற்கு அப்பாவின் கண்ணைத் தொட வேண்டும்?"

நேர்மையான கேள்வி. அதில் கல்மனமும் இல்லை, மூடநம்பிக்கையும் இல்லை. எனக்கோ உடனே விடை சொல்ல வரவில்லை. குருமடத்தில் தத்துவமும் இறையியலும் கற்றேனேயன்றி, லேசர் கண்ணில் என்ன செய்கிறது என்பதைக் கற்றேனில்லை. "அது வேறு, இது வேறு, அம்மா" என்று ஏதோ முணுமுணுத்தேன். சித்தப்பாவைக் கேட்போம், மாமாவைக் கேட்போம் என்று பேச்சு நீண்டது. எல்லாரும் இசைந்து கண் வங்கிக்குத் தொலைபேசியில் சொன்னபோது மணி பத்தரை. உயிர் பிரிந்து ஆறரை மணி நேரம் ஆகிவிட்டதே என்று மறுமுனையில் வருந்தினார்கள். அந்த நல்ல மனிதரின் விருப்பம் அவரோடேயே கல்லறைக்குள் சென்றது.

அதன்பின் மருத்துவ அன்பர்கள் சிலரைக் கேட்டும், நூல்களைப் புரட்டியும் நான் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். அன்று காலை எட்டரை மணிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இது.

கண்ணின் முகப்புக் கண்ணாடி

நம் கண்ணின் நடுவே கறுப்பாகத் தெரிவதைக் கருவிழி என்கிறோம். உண்மையில் அந்த நிறம் உள்ளே இருக்கும் திரைக்கு உரியது. அதற்கு முன்னே, கைக்கடிகாரத்தின் முகப்புக் கண்ணாடியைப் போல வளைந்து, தெளிந்து நிற்கும் ஒரு படலம் உண்டு. மருத்துவர் அதனைக் கார்னியா என்பர். தமிழில் கருவிழிப்படலம் எனலாம். நடுவில் அதன் பருமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டரே. குறுக்களவு 11 அல்லது 12 மில்லிமீட்டர். ஆயினும் கண்ணுக்குள் வரும் ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கினை இச்சிறு படலமே செய்கிறது.

உடலின் பெரும்பாலான திசுக்களைப் போலன்றி இதில் இரத்தக் குழாய்கள் இல்லை. காற்றிலிருந்தும் கண்ணீரிலிருந்தும் இது மூச்சு வாங்குகிறது. இதன் உள்ளிழைகள் தறியில் ஏற்றிய பாவு நூல்போல ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால்தான் ஒளி தடையின்றிப் புகுகிறது. எல்லாவற்றுக்கும் உட்புறத்தில் ஒற்றை வரிசையாக உயிரணுக்கள் பதிந்துள்ளன. படலத்துக்குள் ஊறும் நீரை இவை இரவும் பகலும் வெளியே இறைத்துக்கொண்டே இருக்கின்றன. இறைப்பு நின்றால் படலம் நீர் கோத்து வீங்கி மங்கிவிடும். இவ்வணுக்களில் ஒன்று அழிந்தால் அதன் இடத்தில் வேறொன்று பிறப்பதில்லை என்பதை வாசகர் நினைவில் கொள்ள வேண்டும்.

நாற்று நடும்போதோ கதிர் அறுக்கும்போதோ நெல்தாள் கண்ணில் கீறுகிறது. அக்கீறலில் பூஞ்சைக் கிருமி புகுந்து புண்ணாக்குகிறது. தென்னிந்திய உழவர்களிடையே இது மிகுதி. புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நிற்கும். அதைத்தான் நம் ஊரில் 'பூ விழுந்த கண்' என்பார்கள். இளம் வயதினர் சிலருக்குப் படலம் மெலிந்து கூம்புபோல முன்தள்ளுவதும் உண்டு. ஓயாமல் கண்ணைக் கசக்கும் பழக்கம் இதனை மோசமாக்கும். முதியோரில் சிலருக்கு, நான் மேலே சொன்ன நீர் இறைக்கும் அணுக்கள் குறைந்து போய்ப் பார்வை மங்குகிறது. சத்துக் குறைவினால் கண் வெந்துபோன குழந்தைகளை என் இளம் குருத்துவ நாட்களில் கிராமங்களில் கண்டிருக்கிறேன். இப்போது அது குறைந்திருக்கிறது என்பது ஆறுதல்.

டம்ளர் விளிம்பும் நைலான் தையலும்

மங்கிய படலத்தை வெட்டியெடுத்து, வேறொருவரின் தெளிந்த படலத்தை அவ்விடத்தில் பதிக்கும் சிகிச்சை முதன்முதலில் மனிதரிடம் வெற்றி பெற்றது 1905-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள். இடம், இன்றைய செக் நாட்டிலுள்ள ஒலோமோவ்ட்ஸ் நகர். செய்தவர் எட்வர்ட் சிர்ம் என்னும் மருத்துவர். சுண்ணாம்பு பட்டு இரு கண்களையும் இழந்த ஒரு கூலித் தொழிலாளி அவரிடம் வந்திருந்தார். அதே வேளையில், இரும்புத் துகள்கள் பாய்ந்ததால் ஒரு கண்ணையே அகற்ற வேண்டிய நிலையில் 11 வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்தான். சிறுவனின் அந்தக் கண்ணிலிருந்து படலம் எடுத்துத் தொழிலாளியின் இரு கண்களிலும் பதித்தார் சிர்ம். ஒன்று கெட்டது, மற்றொன்று நிலைத்தது. அம்மனிதர் மீண்டும் வேலைக்குப் போனார்.

உயிரோடிருப்பவர் கண்ணை எத்தனை பேரிடம் எதிர்பார்க்க முடியும்? இறந்தவரின் கண்ணைக் குளிரில் பாதுகாத்துப் பயன்படுத்தலாம் என்று 1930-களில் ஒடெசா நகரின் பிலாட்டவ் நிலைநாட்டிய பின்னரே இச்சிகிச்சைக்கு வழி திறந்தது. நம் நாட்டின் முதல் கண் வங்கி 1945-இல் சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் டாக்டர் ஆர். இ. எஸ். முத்தையாவின் முயற்சியால் தொடங்கியது. 1948-இல் அவரே இந்நாட்டின் முதல் கருவிழிப்படல மாற்றுச் சிகிச்சையையும் செய்தார். தமிழர் மறந்துவிடக் கூடாத பெயர்.

வெட்டும் கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிறிஸ்மஸுக்குச் சோமாசு செய்யும் தாய்மார்கள் மாவைத் தேய்த்துப் பரப்பி, டம்ளர் விளிம்பால் அழுத்தி வட்டம் வட்டமாக எடுப்பார்கள் அல்லவா? அதே முறைதான். கூரிய விளிம்புள்ள சிறு குழாயைக் கண்ணின்மேல் வைத்துத் திருகினால் 7 அல்லது 8 மில்லிமீட்டர் வட்டம் வெட்டுப்படும். தானமாக வந்த படலத்திலும் அவ்வாறே ஒரு வட்டம் எடுத்து, அந்தக் குழியில் வைத்து, தலைமுடியினும் மெல்லிய நைலான் இழையால் பெரும்பாலும் 16 தையல் இடுவார்கள்.

நூறாண்டுக்கு மேலாக இம்முறை எண்ணற்றோருக்குப் பார்வை தந்திருக்கிறது, இன்றும் தருகிறது. குறை இரண்டு உண்டு. அழுத்தித் திருகும்போது மென்மையான படலம் சற்றே நசுங்கி, வட்டம் துல்லியமாக அமைவதில்லை. மேலும், வெட்டுச் சுவர் நேர்குத்தாக இருப்பதால், இரு பலகைகளை முனையோடு முனை வைத்து ஒட்டியது போன்ற இணைப்பே கிடைக்கிறது. அதைத் தாங்குவது தையல் மட்டுமே. ஒரு தையல் இறுகி மற்றொன்று தளர்ந்தால் படலம் கோணலாக வளைந்து, எதிரே இருப்பது நீண்டும் இழுபட்டும் தெரியும். இரத்த ஓட்டம் இல்லாத இடமாதலால் காயம் ஆற நாட்செல்லும். தையலை ஓராண்டும் அதற்கு மேலும் கண்ணிலேயே விட்டுவைக்க நேர்கிறது. படலம் கண்ணாடிபோலத் தெளிந்திருந்தும் நோயாளி தெளிவாகப் பார்க்க முடியாமல் காத்திருக்கும் நிலை இதனால் வந்ததே.

சென்னை மனிதரும் வான்கோழி எலும்பும்

லேசர் என்பது ஒரே நிறமுடைய, சிதறாமல் ஒரே நேராகச் செல்லும் ஒளிக்கற்றை. 1960-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் தியோடர் மைமன் என்பவர் மாணிக்கக் கல்லைக் கொண்டு முதல் லேசரை ஒளிரச் செய்தார். ஒளியால் வெட்டலாம் என்று அப்போதே அறிந்தனர். ஆனால் அது சூட்டினால் வெட்டியது; ஓரங்கள் கருகின. கருகிய ஓரத்தை வைத்துக்கொண்டு கண்ணில் என்ன செய்ய முடியும்?

இங்கே ஒரு நம்மூர்க்காரர் வருகிறார். 1929-இல் சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்று அமெரிக்கா சென்ற வேதியியலாளர் ரங்கசாமி சீனிவாசன், ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்தார். சாமுவேல் புளூம், ஜேம்ஸ் வைன் ஆகியோர் அவருடைய தோழர்கள். 1981 நவம்பரில், அந்நாட்டவர் வான்கோழி சமைத்து உண்ணும் நன்றி கூறும் திருநாளுக்கு மறுநாள், வீட்டு விருந்தில் மிஞ்சிய வான்கோழியைச் சீனிவாசன் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். கண்ணுக்குப் புலப்படாத புற ஊதா ஒளியைத் தரும் எக்சைமர் லேசரை அதன் எலும்பின்மீதும் குருத்தின்மீதும் பாய்ச்சினார்கள். கருகல் இல்லை, தச்சன் உளியால் எடுத்ததுபோல் ஓரம் சுத்தமாக இருந்தது. பச்சை நிற லேசரைப் பாய்ச்சிய இடமோ தீய்ந்து போயிருந்தது.

அந்த ஒளி சூடாக்குவதில்லை. பொருளின் மூலக்கூறுகளைப் பிணைத்திருக்கும் கட்டையே அறுத்துவிடுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் மேற்பரப்பிலிருந்து ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தூசு ஆவியாகப் போகிறது. நியூயார்க்கின் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கல், சீனிவாசனுடன் சேர்ந்து 1983-இல் இதனை விலங்கின் கண்ணில் செய்துகாட்டினார். இன்று கண்ணாடியைக் கழற்றிவிட விரும்புவோர் செய்துகொள்ளும் லேசர் சிகிச்சை இதன் வழிவந்ததே. சீனிவாசனுக்கும் அவர் தோழர்களுக்கும் 2013-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஒபாமா தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் அணிவித்தார். மிச்சக் கறியை வீணாக்காத மனிதருக்கு இது தகுந்த பரிசு என்றே எனக்குத் தோன்றியது!

மாற்றுச் சிகிச்சையில் இவ்வொளியை முதலில் பயன்படுத்தியவர்கள் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரத்தார். 1989-இல் நவுமான் என்னும் பேராசிரியர் தலைமையில், கண்ணின்மேல் உலோக வளையம் ஒன்றை வைத்து, அதன் விளிம்பை ஒட்டி எக்சைமர் ஒளியைச் சுற்றிவரச் செய்து வட்டம் எடுத்தார்கள். வளையத்தின் ஓரத்தில் எட்டுச் சிறு பற்கள் வைத்தனர். தானப் படலத்திலும் நோயாளியின் கண்ணிலும் அதே பற்கள் பதிவதால், வைக்கும்போது வட்டம் சுழன்றுவிடாமல் தன் இடத்தில் உட்காருகிறது. கத்தி தொடாததால் நசுங்கலும் இல்லை. சிறந்த முறைதான்; ஆயினும் உலகெங்கும் பரவியது வேறொரு லேசரே.

நொடிக்குள் ஒரு நொடி

பெம்டோ நொடி என்று ஓர் அளவு உண்டு. ஒரு நொடியை ஆயிரம் கூறாக்கி, அக்கூறு ஒன்றை மீண்டும் ஆயிரமாக்கி, இவ்வாறு ஐந்து முறை வகுத்தால் கிடைப்பது. வேறு விதமாகச் சொன்னால், ஒரு பெம்டோ நொடிக்கு ஒரு நொடி எவ்வளவு பெரிதோ, ஒரு நொடிக்கு மூன்று கோடியே பதினேழு லட்சம் ஆண்டுகள் அவ்வளவு பெரிது. இத்தகைய நுண்பொழுதில் மாபெரும் ஆற்றலைத் திரட்டிப் பாய்ச்சும் வழியை 1985-இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெரார் மூருவும், அவருடைய மாணவி டோனா ஸ்டிரிக்லண்டும் கண்டனர். 2018-இல் அவர்களுக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

அது கண் மருத்துவத்துக்கு வந்தது ஒரு விபத்தால். மூரு பின்னர் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1993-இல் அங்கே அவருடைய ஆய்வுக்கூடத்தில் மாணவர் ஒருவரின் கண்ணுக்குள் அந்த லேசர் தவறுதலாகப் பாய்ந்துவிட்டது. பரிசோதித்த இளம் மருத்துவர் ரான் குர்ட்ஸ், காயம் இவ்வளவு வட்டமாகவும் ஒழுங்காகவும் இருப்பதைக் கண்டு வியந்து, "இது என்ன லேசர்?" என்று கேட்டார். அக்கேள்வியிலிருந்து கூட்டு ஆராய்ச்சி பிறந்தது. டிபோர் யுஹாஸ் என்ற இயற்பியலாளருடன் சேர்ந்து குர்ட்ஸ் அதற்கான கருவியை உருவாக்கினார். கண்ணாடியை நீக்கும் சிகிச்சையில் இது முதலில் இடம்பெற்றது. 2005-இல் படல மாற்றுச் சிகிச்சைக்கும் அமெரிக்க அரசு அனுமதி தந்தது.

எக்சைமர் மேலிருந்து சீவிக்கொண்டு போகும். பெம்டோ லேசர் அவ்வாறன்று. அது தெளிந்த படலத்தின் மேற்பரப்பைத் தீண்டாமல் ஊடுருவி, உள்ளே எந்த ஆழத்தில் குவிக்கிறோமோ அந்தப் புள்ளியில் மட்டும் வெடிக்கிறது. வெடிப்பு என்றாலும் மிகச் சிறிய குமிழியே. தபால் தலைத் தாளில் ஊசித்துளைகள் வரிசையாக இருப்பதால் நாம் சுலபமாகக் கிழித்தெடுக்கிறோம் அல்லவா? அப்படி ஆயிரக்கணக்கான குமிழிகளைக் கணிப்பொறி அருகருகே வைத்துக்கொண்டே போகிறது. நேராகவும் வைக்கலாம், சாய்வாகவும் வைக்கலாம், படிபோலவும் வைக்கலாம்.

இதனால் கிடைத்த பெரும் பயன் வெட்டின் வடிவம். குழாய்க் கத்தியால் நேர்ச்சுவர் மட்டுமே கிடைக்கும். லேசரால் அடிப்புறம் அகன்று மேற்புறம் குறுகிய தொப்பி வடிவம், மேற்புறம் அகன்ற காளான் வடிவம், உள்ளும் புறமும் வளைந்து செல்லும் கோணல் வடிவம் என்று விரும்பியவாறு எடுக்கலாம். கலிபோர்னியாவின் ரோஜர் ஸ்டைனர்ட் இந்தக் கோணல் வெட்டில் புகழ் பெற்றவர். தானப் படலத்திலும் அதே கணக்கில் அதே வடிவம் வெட்டப்படுவதால், பூட்டுக்குச் சாவி போல ஒன்றினுள் ஒன்று பொருந்துகிறது. தச்சு வேலை தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முனையோடு முனை ஒட்டிய பலகையையும், படி எடுத்து ஒன்றின் மேல் ஒன்று படியவைத்த பலகையையும் அசைத்துப் பார்த்தால் எது விலகும் என்பது அவர்களுக்குத் தெரியும். தொட்டுக்கொள்ளும் பரப்பு மிகுதியாவதால் காயம் பற்றிக்கொள்கிறது. தையல்களை முன்கூட்டியே எடுக்க இயலுகிறது. முதல் சில மாதங்களில் பார்வை விரைவில் தெளிகிறது.

சிகிச்சையில் ஒரு நுணுக்கம் என்னைக் கவர்ந்தது. பல மருத்துவமனைகளில் லேசர் எந்திரம் ஓர் அறையிலும் அறுவைக்கூடம் மற்றோர் அறையிலும் இருக்கின்றன. லேசர் முழுவதும் வெட்டிவிட்டால், நோயாளியை அங்கிருந்து இங்கே கொண்டுவருவதற்குள் கண் திறந்துகொள்ளும் ஆபத்து உண்டு. ஆகவே வெட்டுக்கோட்டில், முடியின் பருமனே உள்ள மெல்லிய பகுதியை வெட்டாமல் விட்டுவைக்கிறார்கள். அந்தச் சிறு பாலம் கண்ணைக் காத்துநிற்கும். அறுவைக்கூடம் வந்தபின் மருத்துவர் தம் கையால் அதை விடுவிக்கிறார். ஆகவே லேசர் சிகிச்சை என்றால் எந்திரமே எல்லாம் செய்துவிடும் என்று எண்ண வேண்டாம். தையல் இடுவதும் மருத்துவரின் கைதான்.

லேசரால் ஆகாதவை

புதியதெல்லாம் சிறந்ததென்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் மருத்துவர்களே அவ்வாறு சொல்லவில்லை. ஓராண்டு, ஈராண்டு கழித்துப் பார்த்தால் லேசரால் வெட்டப்பட்டவர்களுக்கும் குழாய்க் கத்தியால் வெட்டப்பட்டவர்களுக்கும் பார்வையில் பெரிய வேறுபாடு தெரிவதில்லை என்று பல ஒப்பாய்வுகள் கூறுகின்றன. எந்திரத்தின் விலையோ கோடிக்கணக்கில். அச்செலவில் ஒரு பங்கு நோயாளியின் தலையில்தான் விழுகிறது. எனவே, "உங்களுக்குக் கத்தியே போதும்" என்று மருத்துவர் சொன்னால், நம்மை ஏழையென்று ஒதுக்கிவிட்டாரோ என ஐயுற வேண்டாம்.

அடர்ந்த வெள்ளைத் தழும்பு விழுந்த கண்ணில் பெம்டோ ஒளி ஊடுருவாமல் சிதறிப்போகிறது. நெல்தாள் கீறிப் பூ விழுந்த நம் உழவர்களின் கண்கள் பல இத்தகையவை. துன்பம் மிகுந்த இடத்தில் கருவிக்குத் துணிவு குறைகிறது!

இன்னொன்றும் நிகழ்ந்திருக்கிறது. நீர் இறைக்கும் உள்வரிசை மட்டும் கெட்டிருந்தால் படலம் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. அவ்வரிசையை மட்டும் மாற்றினால் போதும் என்று நெதர்லாந்தின் கெரிட் மெல்லஸ் காட்டினார். 2006 முதல் அவர் செய்துவரும் முறையில், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய சவ்வு ஒன்றைச் சுருட்டிக் கண்ணுக்குள் செலுத்தி, விரித்து, காற்றுக் குமிழியால் அழுத்தி ஒட்டவைக்கிறார்கள். சவ்வுக்குத் தையல் இல்லை. நோயாளி மல்லாந்து படுத்திருக்க வேண்டும், அவ்வளவே. இதற்கு லேசர் தேவையில்லை. தானப் படலத்தின் உள்ளடுக்கை லேசரால் சீவியெடுக்க முயன்றபோது பரப்பு சற்றுச் சொரசொரப்பாகிப் பார்வை குறைந்ததாம். இவ்வாறு அடுக்கடுக்காகப் பிரித்துப் பயன்படுத்தினால், ஒரே படலத்தின் மேலடுக்கு ஒருவருக்கும் உள்ளடுக்கு மற்றொருவருக்கும் ஆகும்.

பொருத்திய படலத்தை உடல் அயலானாக எண்ணி எதிர்ப்பதையும் லேசர் தடுக்காது. அதற்குச் சொட்டு மருந்தை நீண்ட காலம் தவறாமல் இட வேண்டும். பார்வை தெரிந்துவிட்டது என்று மருந்தை நிறுத்துவோர், கண் சிவந்தாலும் வலித்தாலும் மங்கினாலும் "நாளை பார்க்கலாம்" என்று இருப்போர், கிடைத்த கண்ணை இழந்திருக்கிறார்கள்.

இனி அந்த அம்மாளின் கேள்விக்கு வருவோம். அவர் சொன்னது முழுவதும் பிழையன்று. தழும்பு மேலாக மட்டும் இருந்தால் எக்சைமர் லேசரால் அதனைச் சீவிவிட்டு, தானப் படலமின்றியே பார்வை திருத்தலாம். விளம்பரப் பலகையில் அவர் கண்ட சிகிச்சை வேறு. தெளிவான படலம் உடையவர்களின் கண்ணாடிப் பவரை நீக்குவதற்காக, அவர்களுடைய படலத்தையே சற்றுச் செதுக்குவது அது. ஆழமாக மங்கிப்போன படலத்தை எந்த லேசராலும் தெளிய வைக்க முடியாது. அதை வெட்டத்தான் முடியும். வெட்டிய இடத்தில் வைக்க ஒரு தெளிந்த படலம் வேண்டும். அதை லேசர் செய்து தராது. இறந்த ஒருவரிடமிருந்துதான் அது வர வேண்டும். தாமும் கண்தானம் செய்ய விரும்பி, முன்னர் கண்ணாடியை நீக்க லேசர் செய்துகொண்டவர்களின் படலத்தை முழுப் பருமனாகப் பொருத்துவதில்லை. அவர்களிடமும் உள்ளடுக்கு பயன்படக்கூடும்.

ஆறு மணி நேரம்

2012-ஆம் ஆண்டளவில் உலக நாடுகளில் எடுத்த கணக்கு ஒன்று 2016-இல் வெளியாயிற்று. ஓராண்டில் நடந்த படல மாற்றுச் சிகிச்சைகள் ஏறத்தாழ 1,85,000. காத்திருந்தோர் 1 கோடியே 27 லட்சம். 70 பேர் கைநீட்டி நிற்க, ஒருவருக்குக் கிடைத்தது.

நம் இல்லங்களில் எழும் தயக்கங்களை நான் அறிவேன். கண்ணை எடுத்தால் முகம் கோரமாகிவிடுமே என்பார்கள். ஆகாது, வேலை கால் மணி, இருபது நிமிடங்களில் முடிந்துவிடும், இமை மூடிய முகம் முன்போலவே இருக்கும், அடக்கச் சடங்கு எதுவும் தாமதமாகாது. உயிர்ப்பின் நாளில் கண்ணின்றி எழுவாரோ என்று கேட்ட பாட்டியும் என் பங்கில் உண்டு. மண்ணோடு மண்ணாய்ப் போன உடலை எழுப்ப வல்லவருக்கு இரு கண்கள் ஒரு பொருட்டோ என்று அவரிடம் கேட்டேன். திருச்சபை இதில் தயங்கவில்லை. இறந்தவரின் கண்படலத்தைப் பார்வையற்றோருக்கு வழங்குவதில் அறநெறிக்கு மாறானது ஏதுமில்லை. உடலுக்குரிய மரியாதையும் குடும்பத்தாரின் இசைவும் பேணப்பட வேண்டும் என்று பாப்பிறை பன்னிரண்டாம் பத்திநாதர் 1956 மே 14-ஆம் நாள் கண் மருத்துவர்களிடமும் தானம் செய்வோரிடமும் விளக்கினார்.

அதே ஆண்டு பிப்ரவரியில் இத்தாலியின் மிலான் நகரில் கார்லோ ஞோக்கி என்னும் குருவானவர் இறந்தார். போர்க்களத்தில் படைவீரர்களின் ஆன்ம குருவாக இருந்து, போர் முடிந்தபின் கைகால் இழந்த குழந்தைகளுக்குத் தந்தையானவர் அவர். தம் கண்களைப் பார்வையற்ற இரு இளையோருக்குக் கொடுக்கும்படி சொல்லிச் சென்றார். அந்நாட்டில் அதற்கு அப்போது சட்டம் இல்லை. இருந்தும் மருத்துவர் செய்தார். ஒரு சிறுவனும் ஒரு சிறுமியும் பார்வை பெற்றார்கள். மறு ஆண்டே சட்டம் வந்தது. 2009-இல் அக்குரு அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்டார்.

ஆண்டுதோறும் ஆகஸ்டு 25 முதல் செப்டம்பர் 8 வரை நம் நாட்டில் கண்தான இருவாரம் கொண்டாடுகிறார்கள். முடியும் நாள் வேளாங்கண்ணிப் பெருவிழா. நம் மக்களுக்கு நினைவில் நிற்பது எளிது. உறுதிப் படிவம் எழுதிக் கொடுத்திருந்தால் நல்லது. எழுதாவிட்டாலும் குடும்பத்தார் இசைந்தால் போதும். எழுதியிருந்தும் குடும்பத்தார் இசையாவிட்டால் ஒன்றும் நடவாது. ஆகையால் எழுதுவதைவிட வீட்டில் எல்லாரும் அமர்ந்திருக்கும் ஓர் இரவு உணவின்போது பேசிவிடுவதே முதன்மையானது. மரணம் நிகழ்ந்த வீட்டில் அதைப் பேசத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணாரக் கண்டேன்.

உயிர் பிரிந்ததும் இமைகளை மூடி, ஈரப் பஞ்சை அவற்றின்மேல் வைக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, தலையைத் தலையணையால் சற்று உயர்த்த வேண்டும். அழுகையோடு அழுகையாக யாரேனும் ஒருவர் அருகிலுள்ள கண் வங்கிக்குச் சொல்லிவிட வேண்டும். அவர்களே வருவார்கள், கட்டணம் இல்லை. ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால், பாதுகாப்பு நீர்மங்களில் வைத்து, வகைக்கேற்ப நான்கு நாள் முதல் இரண்டு வாரம் வரை காக்க முடியும். கண்ணாடி அணிந்தவர், புரை எடுத்தவர், இரத்த அழுத்தம் உள்ளவர், முதியவர் யாவரும் தரலாம். வெறிநாய்க்கடி, எய்ட்ஸ், மஞ்சள் காமாலைக் கிருமி, இரத்தப் புற்று போன்றவற்றால் இறந்தோரின் கண்களைப் பொருத்துவதில்லை. அதை அவர்களே இரத்தம் சோதித்து அறிவார்கள். நாமாக முடிவு செய்து பேசாமல் இருந்துவிட வேண்டாம்.

முப்பதாம் நாள் திருப்பலிக்கு அந்த மூத்த மகள் வந்திருந்தார். பூசை முடிந்தபின் பங்கு இல்லத் திண்ணையில் அவரை அமர வைத்து, மேலே எழுதியவற்றில் பாதியைச் சொன்னேன். குறுக்கே ஒன்றும் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து புறப்படும்போது, "எனக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை நோய் இருக்கிறதே, சாமி. என் கண் ஆகுமா?" என்றார்.

ஆகும் என்றேன். தம்பியைக் கூப்பிட்டு, "நீயும் கேட்டுக்கொள்" என்றார்.